தோற்ற ஆட்டத்தை என்ன செய்வது? சொந்த ஆட்டங்களிலிருந்து செஸ் கற்கும் வழி

ஓரளவு செஸ் ஆடத் தெரிந்து, ரேட்டிங் ஓர் இடத்தில் வந்து நின்றுவிட்டால் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: இன்னும் நாலு ஓப்பனிங் வீடியோ பார்ப்பார்கள், கொஞ்சம் பஸில் போடுவார்கள், அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிடுவார்கள். பஸில் நல்லது, வீடியோவும் கெட்டதில்லை. ஆனால் நீங்கள் எங்கே சறுக்குகிறீர்கள் என்பது எந்த வீடியோவிலும் கிடையாது, நேற்று நீங்கள் ஆடிய ஆட்டத்தில்தான் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் செய்கிறோம் என்று சொல்பவர்களும் ஆட்டம் முடிந்த கையோடு இன்ஜினை, அதாவது ஆட்டத்தை அலசிச் சொல்லும் செஸ் நிரலை, ஓடவிட்டு, அது சிவப்பில் காட்டும் மூன்று நாலு மூவைப் பார்த்து, 'அட, இதை விட்டுவிட்டேனே' என்று உச்சுக்கொட்டிவிட்டு மூடிவிடுகிறார்கள். அடுத்த வாரம் அதே தவறு வேறு ஓப்பனிங்கில், வேறு கட்டத்தில் வருகிறது.

காரணம் எளிது. இன்ஜின் பலகையைப் பற்றிப் பேசும். 17வது மூவில் எந்தக் காயை எங்கே வைத்திருக்கலாம் என்று சொல்லும். அந்த நேரத்தில் உங்கள் மண்டைக்குள் என்ன ஓடியது, எதைப் பார்த்தீர்கள், எதைப் பார்க்காமலே 'இது சரிதான்' என்று முடிவு கட்டினீர்கள் என்பது அதற்குத் தெரியாது. திருத்த வேண்டியதோ அங்கேதான் இருக்கிறது. அதனால் இந்த வழிமுறை முழுக்க ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும்: இன்ஜினைத் திறப்பதற்கு முன் உங்கள் யோசனையை எழுத்தில் பிடித்து வைக்க வேண்டும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த யோசனை இல்லை. 1948ல் உலக சாம்பியன் ஆன மிகைல் போட்வினிக், ஆட்டக்காரன் தன் ஆட்டங்களைத் தானே அலச வேண்டும், அலசியதை அச்சில் வெளியிட வேண்டும் என்று விடாமல் சொல்லிவந்தார். அச்சில் வந்தால் நாலு பேர் சரிபார்ப்பார்கள், தப்பு இருந்தால் சொல்வார்கள், அதனால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள முடியாது என்பது அவர் கணக்கு. அவர் காலத்தில் இன்ஜின் இல்லை, சரி. இன்ஜின் எல்லார் கைபேசியிலும் இருக்கும் காலத்தில் வளர்ந்தவர் குகேஷ். அவர் கிட்டத்தட்ட 2500 ரேட்டிங் வரும்வரை இன்ஜின் இல்லாமலே பயிற்சி செய்தார் என்று அவருடைய சிறுவயதுப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எல்லாரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், நம்மில் பலருக்குப் பயிற்சியாளர் கிடையாது, தப்பைச் சுட்டிக்காட்ட இன்ஜின்தான் இருக்கிறது. ஆனால் அது இரண்டாவதாக வரட்டும்.

எந்த ஆட்டத்தை எடுப்பது

நீண்ட ஆட்டங்களை எடுங்கள். நேரடிப் போட்டியில் ஆடிய கிளாசிக்கல் ஆட்டம் இருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. இணையத்தில் மட்டும் ஆடுகிறவர் என்றால் 15 நிமிடமும் மூவுக்கு 10 விநாடியும் சேரும் ஆட்டம், அல்லது 30 நிமிட ஆட்டம். மூன்று நிமிட பிளிட்ஸ் ஆட்டத்தை அலசி ஓப்பனிங்கைத் தவிர வேறெதுவும் பெரிதாகக் கிடைக்காது, ஏனென்றால் அங்கே நீங்கள் யோசிக்கவே இல்லை, கை பழக்கத்தில் ஆடியது. யோசனையே இல்லாத இடத்தில் யோசனையின் குறையை எப்படித் தேடுவது?

வாரத்துக்கு ஓர் ஆட்டம் போதும். பத்து ஆட்டத்தை மேலோட்டமாகப் புரட்டுவதைவிட ஒன்றை முழுதாகப் பார்ப்பதில் கிடைப்பது அதிகம். தோற்ற ஆட்டங்களில் தொடங்குங்கள், ஆனால் அதோடு நிற்க வேண்டாம். ஜெயித்த ஆட்டங்களில் பெரும் தவறுகள் பத்திரமாக ஒளிந்திருக்கும், எதிராளி கவனிக்காததால் நாமும் கவனித்திருக்க மாட்டோம். ஜெயித்த ஆட்டத்தை எடுத்தால் தேட வேண்டியது ஒன்றே ஒன்று: எதிராளி எந்த இடத்தில் நம்மைத் தண்டித்திருக்க முடியும்?

நேரடிப் போட்டி ஆடுகிறவர்களுக்கு இரண்டு குறிப்புகள். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி ஸ்கோர்ஷீட், அதாவது மூவ்களை எழுதும் தாள், போட்டி நடத்துபவருக்குச் சொந்தம், ஆகவே கார்பன் நகல் கொடுக்காத போட்டி என்றால் கொடுப்பதற்கு முன் நடுவரிடம் கேட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள் அல்லது உட்கார்ந்து படியெடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஒவ்வொரு மூவுக்கும் பக்கத்தில் கடிகாரத்தில் மிச்சமிருக்கும் நேரத்தை எழுதலாம், விதி அதை அனுமதிக்கிறது. 'இங்கே தாக்கலாமா' என்பது போன்ற யோசனைக் குறிப்பை எழுத அனுமதியில்லை, மூவை ஆடுவதற்கு முன்பே எழுதி வைக்கவும் கூடாது. நேரத்தை எழுதுவது சின்ன வேலை, அதன் மதிப்பு பின்னால் தெரியும்.

அன்றைக்கே எழுதுங்கள்

ஆட்டம் முடிந்த அன்று, முடிந்தால் அடுத்த ஒரு மணி நேரத்துக்குள், இன்ஜினைத் தொடாமல் ஆட்டத்தை முதலிலிருந்து நகர்த்திப் பாருங்கள். லிச்செஸ் என்ற செஸ் இணையதளத்தில் 'ஸ்டடி' என்று ஒரு வசதி இருக்கிறது, இலவசம்தான், அதில் ஆட்டத்தை ஏற்றி ஒவ்வொரு மூவுக்கும் கீழே தமிழிலேயே குறிப்பு எழுதலாம், இன்ஜினை அணைத்தும் வைக்கலாம். நோட்டில் எழுதுவது பிடிக்குமென்றால் நோட்டு.

எல்லா மூவுக்கும் எழுத வேண்டாம், எழுதினால் இரண்டாம் ஆட்டத்திலேயே சலித்துப்போகும். எங்கே ரொம்ப நேரம் யோசித்தீர்களோ அங்கே எழுதுங்கள். எதிராளி ஆடிய மூவைப் பார்த்துத் தூக்கிவாரிப் போட்டதா, அங்கே கட்டாயம் எழுதுங்கள், அது தங்கமான இடம்: உங்கள் கணக்கில் இல்லாத ஒன்று பலகையில் இருந்திருக்கிறது என்று அர்த்தம். என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா ஒரு காயை நகர்த்திய இடம், ஆட்டம் கைநழுவியது போல் தோன்றிய இடம், காய் மாற்றிக்கொள்ளலாமா வேண்டாமா என்று தயங்கிய இடம், இவை போதும். ஓர் ஆட்டத்தில் ஐந்தாறு தேறும்.

என்ன எழுதுவது? அந்த நேரத்தில் நினைத்ததை, நினைத்தபடியே. 'இங்கே ராஜா பக்கம் தாக்க நினைத்தேன். குதிரை ஜி5க்கு வந்தால் எச்6 ஆடித் துரத்துவான் என்று பார்த்தேன், அதோடு நிறுத்திவிட்டேன். ராணி பக்கம் அவன் என்ன செய்கிறான் என்று பார்க்கவே இல்லை.' இப்படி. அழகாக எழுத வேண்டியதில்லை, ஆனால் உண்மையாக எழுத வேண்டும். மறுநாள் எழுதினால் மனம் தானாகவே பூசி மெழுகிவிடும், 'அதைப் பார்த்தேன், ஆனால் ஆபத்தில்லை என்று நினைத்தேன்' என்று நடக்காத ஒன்றைச் சேர்த்துவிடும். அதனால்தான் அன்றைக்கே.

போட்டியில் ஆடினீர்கள் என்றால் இதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: எதிராளியோடு உட்காருங்கள். நம் ஊர்ப் போட்டிகள் பெரும்பாலும் பள்ளி, கல்லூரி, கல்யாண மண்டபங்களில் நடக்கின்றன, ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் வராந்தாவில் எங்காவது இடம் இருக்கும். 'ஒரு அஞ்சு நிமிஷம் பார்க்கலாமா?' என்று கேட்டால் அநேகமாக யாரும் மறுக்க மாட்டார்கள். ஜெயித்தவரோ தோற்றவரோ, அங்கே வாதாடி நிரூபிக்கப் பார்க்காதீர்கள். கேளுங்கள். 'நான் யானையை இங்கே வைத்ததும் நீங்க என்ன நினைச்சீங்க?' நீங்கள் நடுங்கிக்கொண்டிருந்த இடத்தில் அவரும் நடுங்கிக்கொண்டிருந்தார் என்பது தெரிய வரும், நீங்கள் சாதாரணம் என்று நினைத்த மூவுக்கு அவர் பத்து நிமிடம் செலவழித்திருப்பார். இதை எந்த இன்ஜினும் சொல்லாது. எதிராளி எட்டு வயதுப் பிள்ளையாக இருந்தாலும் கேளுங்கள், பலசமயம் அவர்கள்தான் தெளிவாகப் பதில் சொல்வார்கள்.

இன்ஜின் இல்லாமல் ஒரு சுற்று

மறுநாளோ அதற்கடுத்த நாளோ, ஒரு நிஜப் பலகையை எடுத்து வைத்து, குறித்து வைத்த அந்த ஐந்தாறு இடங்களுக்கு மட்டும் போங்கள். ஒவ்வொன்றிலும் வேறு இரண்டு மூவாவது தேடுங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிராளியின் பலமான பதிலைத் தேடுங்கள். எதிராளிக்கு என்னென்ன செக் இருக்கிறது, எதை வெட்ட முடியும், எதை மிரட்ட முடியும் என்று வரிசையாகப் பாருங்கள். முடிவில் 'வெள்ளைக்குக் கொஞ்சம் நல்லது', 'கறுப்பு தாங்கும்', 'தெரியவில்லை' என்று ஒரு தீர்ப்பு எழுதுங்கள். தப்பாக இருக்கட்டும். தப்பான தீர்ப்பு எழுத்தில் இருந்தால்தான் பின்னால் இன்ஜின் எதைத் திருத்துகிறது என்று தெரியும். தீர்ப்பே எழுதாமல் இன்ஜினைத் திறப்பது, கணக்கைப் போட்டுப் பார்க்காமல் புத்தகத்தின் பின்பக்க விடையைப் பார்ப்பதுதான்: எல்லாம் புரிந்தது போலவே இருக்கும்.

இப்போது ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். நிறையப் பேர் விழுந்த பழைய பொறி, குயின்ஸ் கேம்பிட்டில் வருவது, எலிஃபன்ட் டிராப் என்பார்கள். பலகையை எடுத்துக்கொண்டால் நல்லது. வெள்ளை டி4, கறுப்பு டி5. சி4, இ6. குதிரை சி3, குதிரை எஃப்6. மந்திரி ஜி5க்கு வருகிறது, கறுப்பு தன் இன்னொரு குதிரையை டி7ல் வைக்கிறது. வெள்ளை சி சிப்பாயால் டி5ல் வெட்ட, கறுப்பு இ சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது. இப்போது வெள்ளை பார்க்கிறார்: டி5 சிப்பாயைக் காப்பது எஃப்6 குதிரை மட்டும்தான். அந்தக் குதிரையோ ஜி5 மந்திரிக்கும் டி8 ராணிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது, நகர்ந்தால் ராணி போய்விடும். அப்படியென்றால் சிப்பாய் இலவசம். குதிரையால் டி5ல் வெட்டுகிறார்.

கறுப்பு அந்த 'நகர முடியாத' குதிரையாலேயே டி5ல் இருக்கும் குதிரையை வெட்டுகிறது. வெள்ளை மந்திரி சந்தோஷமாக டி8 ராணியை வெட்டுகிறது. உடனே கறுப்பு மந்திரி பி4க்கு வந்து செக். ராஜாவுக்கு நகர இடமில்லை, ராணி டி2க்கு வந்து மறைப்பதைத் தவிர வழியே இல்லை. கறுப்பு ராணியை வெட்டி, ராஜா திருப்பி வெட்டியதும் டி8ல் மாட்டிய மந்திரியையும் கறுப்பு ராஜா எடுத்துக்கொள்கிறது. கூட்டிக் கழித்தால் வெள்ளை ஒரு சிப்பாய் எடுத்து ஒரு குதிரையைக் கொடுத்திருக்கிறது.

இதை அலசும்போது நோட்டில் என்ன எழுதுவீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பலர் எழுதுவது: '6வது மூவ் பிளண்டர். இ3 ஆடியிருக்க வேண்டும்.' இது உண்மைதான், ஆனால் இதனால் பயன் கொஞ்சம், இதே நிலை மறுபடி அப்படியே வந்தால்தான் உதவும். கொஞ்சம் நல்ல குறிப்பு: 'பி4ல் வரும் செக்கைப் பார்க்கவில்லை.' இன்னும் ஒரு படி உள்ளே போங்கள். ஏன் பார்க்கவில்லை? ஏனென்றால் அந்தக் குதிரை நகராது என்று முடிவு கட்டியதும் கணக்கு அங்கேயே நின்றுவிட்டது. அப்போது வரும் குறிப்பு: 'ராணிக்கு முன்னால் மாட்டிய காய் நகராது என்று எடுத்துக்கொண்டேன். ராஜாவுக்கு முன்னால் மாட்டியதைத்தான் விதி நகர விடாது. ராணியை விட்டுக்கொடுத்தே அவன் நகர்த்தினால் அடுத்து என்ன என்று ஒரு மூவ் கூடப் பார்த்திருக்க வேண்டும்.'

இந்த மூன்றாவது குறிப்பு எங்கெல்லாம் உதவும் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஆட்டக்காரர் லெகால் பெயரில் ஒரு மேட் இருக்கிறது. ஜி4ல் வந்து நிற்கும் கறுப்பு மந்திரி, வெள்ளையின் எஃப்3 குதிரையை ராணிக்கு முன்னால் கட்டிப்போட்டதாக நினைக்கிறது. குதிரை கவலையே படாமல் இ5ல் வெட்டிப் போகிறது, கறுப்பு ஆசையோடு ராணியை எடுத்தால் மந்திரி எஃப்7ல் செக், அடுத்து குதிரை டி5ல் மேட். ஓப்பனிங் வேறு, நிறம் வேறு, பக்கம் வேறு. தவறு ஒன்றே. '6வது மூவில் இ3' என்று எழுதியவருக்கு இந்த இரண்டும் இரண்டு தனி விபத்து. காரணத்தை எழுதியவருக்கு இரண்டும் ஒரே பாடம். உங்கள் தவறுகளை ஓப்பனிங் வாரியாக அடுக்காதீர்கள், காரண வாரியாக அடுக்குங்கள்.

காரணங்கள் ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் நம் மட்டத்தில் திரும்பத் திரும்ப வருபவை சில உண்டு. எதிராளியின் மூவ் எதற்கு என்று கேட்காமல் நம் திட்டத்தையே தொடர்வது. ஒரு காயை நகர்த்தும்போது அது இதுவரை எதைக் காத்துக்கொண்டிருந்தது என்பதை மறப்பது. ஒரு வரிசையைக் கணக்குப் போடும்போது எதிராளி திருப்பி வெட்டத்தான் செய்வார் என்று எடுத்துக்கொள்வது, இடையில் அவர் ஒரு செக் கொடுத்துவிட்டு வெட்டலாம் என்பதை விட்டுவிடுவது. பின்னோக்கி வரும் காயைப் பார்க்காமல் விடுவது, அதிலும் தூரத்து மந்திரி பின்வாங்கி வெட்டுவதை நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். ஜெயிக்கும் நிலை வந்ததும் ஆட்டம் முடிந்துவிட்டது என்று தளர்வது. உங்கள் பட்டியல் இதிலிருந்து வேறாக இருக்கலாம், அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் இவ்வளவும்.

இப்போது இன்ஜின்

இரண்டு சுற்று முடிந்த பிறகு ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜினைத் திறங்கள். லிச்செஸில் கணினி அலசல் காசில்லாமல் கிடைக்கிறது. முதலில் உங்கள் தீர்ப்புகளோடு ஒப்பிடுங்கள். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பெரிதாக விலகுகிறது? விலகும் இடம்தான் வேலை செய்ய வேண்டிய இடம். நீங்கள் பயந்த தாக்குதல் ஒன்றுமே இல்லை என்று இன்ஜின் சொல்லலாம், நீங்கள் நிம்மதியாக இருந்த நிலையில் அடுத்த மூவில் யானை போகும் என்று சொல்லலாம். இரண்டுமே செய்திதான்.

யாருக்கு எவ்வளவு சாதகம் என்று இன்ஜின் காட்டும் எண்களைக் கண்டு மிரளாதீர்கள், ஒரு புள்ளி என்பது ஏறக்குறைய ஒரு சிப்பாய். 0.3 குறைந்தது, 0.4 குறைந்தது என்பதையெல்லாம் நம் மட்டத்தில் அப்படியே விட்டுவிடலாம். ரேட்டிங் 1400க்குக் கீழே இருப்பவர் ஒரு புள்ளிக்கு மேல் சரிந்த இடங்களை மட்டும் பார்த்தாலே வாரக்கணக்கில் வேலை இருக்கும். இன்ஜினின் முதல் மூவ் ஏன் நல்லது என்று உங்களால் ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்றால் இரண்டாவது, மூன்றாவது மூவைப் பாருங்கள். அதில் மனிதருக்குப் புரிகிற ஒன்று இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜினோடு சண்டை போடுங்கள், இதை அழுத்தியே சொல்கிறேன். 'என் மூவ் ஏன் தப்பு?' என்று தோன்றினால் உங்கள் மூவை ஆடி, பிறகு நீங்கள் எதிர்பார்த்த பதில்களை ஒவ்வொன்றாக ஆடி, அது எப்படி மறுக்கிறது என்று கடைசிவரை போங்கள். லிச்செஸ் அலசல் பலகையில் எக்ஸ் விசையை அழுத்தினால் எதிராளி அடுத்து என்ன மிரட்டுகிறார் என்பதை அம்புக்குறியாகக் காட்டும், 'எதிராளியின் மூவ் எதற்கு' என்ற கேள்வியில் தடுமாறுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் முதலில் நீங்களே ஊகித்துவிட்டு அழுத்துங்கள்.

எண்ட்கேம், அதாவது சில காய்களே மிஞ்சும் கடைசிக் கட்டம், வந்த ஆட்டம் என்றால் அங்கே கூடுதல் நேரம் செலவிடுங்கள், காரணம் அங்கே கற்றது வீணாகாது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன்ஷிப்பின் 14வது ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். கறுப்பில் ஆடிய குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆளுக்கு ஒரு யானையும் ஒரு மந்திரியும், டிராவில் முடியக்கூடிய நிலை. 55வது மூவில் அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரென் யானையை எஃப்2ல் வைத்து மாற்றிக்கொள்ள வந்தார். யானைகள் போயின. குகேஷ் மந்திரியை டி5ல் வைத்ததும் ஏ8 மூலையில் நின்ற டிங்கின் மந்திரிக்கு ஓட வழியில்லை, அதுவும் மாறியது, மிஞ்சியது வெறும் ராஜாவும் சிப்பாயும், அது குகேஷுக்கு வெற்றி. சில மூவில் ஆட்டமும் பட்டமும் முடிந்துவிட்டன. உலக சாம்பியனுக்கே நேர்ந்தது என்றால் நமக்கு எத்தனை முறை நேர்ந்திருக்கும்? உங்கள் ஆட்டங்களில் கடைசிக் காய்களை மாற்றிக்கொண்ட இடத்துக்கெல்லாம் போய், 'மாற்றும் முன் மிஞ்சும் சிப்பாய் ஆட்டத்தை எண்ணிப் பார்த்தேனா?' என்று கேளுங்கள். எண்ணத் தெரியவில்லை என்றால், அந்த வாரம் படிக்க வேண்டியது ஆப்பொசிஷன், அதாவது ராஜாக்கள் நேருக்கு நேர் நின்று ஒன்றையொன்று மறிப்பது, பற்றித்தான், புதிய ஓப்பனிங் வேண்டாம். பலகையில் ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் அல்லது அதற்குக் கீழே இருந்தால் லிச்செஸின் டேபிள்பேஸ், அதாவது எல்லா நிலைகளையும் முன்பே முழுதாகக் கணக்கிட்டு வைத்த தொகுப்பு, துல்லியமான முடிவைச் சொல்லிவிடும், இன்ஜினின் ஊகம்கூடத் தேவையில்லை.

ஓப்பனிங்குக்கு ஐந்து நிமிடம்

இதில் அதிகம் மூழ்க வேண்டாம். மற்றவர்கள் ஆடிய தொடக்க மூவ்களைக் காட்டும் லிச்செஸின் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரரில் போய், வழக்கமான பாதையிலிருந்து முதலில் விலகியது யார், எந்த மூவில் என்று பாருங்கள். நீங்கள் என்றால் சரியான அந்த ஒரு மூவையும் அதன் காரணத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். எதிராளி என்றால் அதற்கு நல்ல பதில் என்ன என்று ஒன்று. அவ்வளவுதான்.

உதாரணமாக, இ4 இ5, குதிரை எஃப்3 குதிரை சி6, மந்திரி சி4 குதிரை எஃப்6, அதன் பிறகு வெள்ளைக் குதிரை ஜி5க்குப் பாய்கிறது. கறுப்பு டி5 ஆட, வெள்ளை சிப்பாயால் வெட்டுகிறது. குதிரையால் திருப்பி வெட்டுவதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அப்படி வெட்டினால் வெள்ளை எஃப்7ல் குதிரையைத் தியாகம் செய்து, ராஜாவை நடுப்பலகைக்கு இழுத்து வந்துவிடும், ஃப்ரைடு லிவர் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். வழக்கமான பதில் குதிரையை ஏ5க்கு நகர்த்தி சி4 மந்திரியைத் தாக்குவது. வெள்ளை பி5ல் செக் கொடுக்கும், கறுப்பு சி6 ஆடும், ஒரு சிப்பாய் போகும், அதற்குப் பதிலாகக் காய்கள் வேகமாக வெளியே வரும். இந்த ஆட்டத்தில் விழுந்தவர் கற்க வேண்டியது இந்த ஏ5 மட்டும்தான். அந்த ஓப்பனிங் முழுவதையும் உட்கார்ந்து மனப்பாடம் செய்தால் அடுத்த மாதம் பாதி மறந்திருக்கும். அடிபட்ட இடத்தில் கற்ற ஒரு மூவ் மறக்காது. ஆட்டத்துக்கு ஒரு மூவ் என்று சேர்த்துக்கொண்டே போனால் ஒரு வருடத்தில் உங்களுக்கான ஓப்பனிங் தானாகவே உருவாகிவிடும்.

கடிகாரத்தையும் பாருங்கள்

நேரத்தைக் குறித்து வைக்கச் சொன்னது இதற்குத்தான். இணைய ஆட்டங்களில் தானாகவே பதிவாகியிருக்கும், லிச்செஸ் அதை வரைபடமாகவே காட்டும். பெரும் தவறு நடந்த மூவுக்கு எத்தனை விநாடி செலவானது என்று பாருங்கள். 30 நிமிட ஆட்டத்தில் 20 நிமிடம் மிச்சம் வைத்துக்கொண்டு தோற்கிறவர்கள் ஏராளம், அவர்களுக்குத் தேவை புதிய அறிவு இல்லை, உட்கார்ந்து யோசிக்கும் பழக்கம். எதிர்ப்பக்கம் இன்னொரு வகை: 12வது மூவில் எந்த மந்திரியை எங்கே வைப்பது என்று கால்மணி நேரம் போராடிவிட்டு, 30வது மூவில் விநாடிகளில் ஆடித் தோற்பது. அந்தக் கால்மணி நேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்று உங்கள் முதல்நாள் குறிப்பு சொல்லும். ஒரே இரண்டு மூவுக்கு நடுவில் திரும்பத் திரும்ப அலைந்துகொண்டிருந்தீர்கள் என்றால், அப்படிப்பட்ட இடத்தில் இவ்வளவு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம்.

கொஞ்சம் உடம்பையும் கவனியுங்கள். நேரடிப் போட்டியில் ஒரே நாளில் பல சுற்று ஆடும்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சுற்றிலேயே தவறுகள் குவிகின்றன என்றால், அதற்கு மருந்து செஸ் புத்தகத்தில் இருக்காது.

நோட்டை என்ன செய்வது

ஆட்டத்துக்கு ஒரு வரி. அதற்கு மேல் வேண்டாம். அந்த ஆட்டத்தில் மிக முக்கியமான காரணம் எதுவோ அதை மட்டும் ஒரே பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே வாருங்கள். பத்து வரி சேர்ந்ததும் உட்கார்ந்து படியுங்கள். நாலைந்து வரி ஒரே காரணத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும், அது அநேகமாக நீங்கள் எதிர்பார்த்ததாக இருக்காது. 'எனக்கு ஓப்பனிங் வீக்' என்று நம்பிக்கொண்டிருப்பவரின் பக்கத்தில் ஓப்பனிங் ஒரு முறையும் 'எதிராளியின் செக்கைப் பார்க்கவில்லை' ஐந்து முறையும் இருக்கும். அடுத்த மாதப் பயிற்சி எது என்று அதுவே முடிவு செய்துவிடும். செக்கைப் பார்க்காத ஆள் என்றால், பஸில் போடும்போது விடை கண்டுபிடித்த பிறகும் நிறுத்தி, அந்த வரிசையில் எதிராளிக்கு இருக்கும் எல்லாச் செக்கையும் சொல்லிவிட்டுத்தான் மூவை ஆட வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். சிப்பாய் ஆட்டத்தில் தடுமாறுகிறவர் தன்னுடைய அந்த நிலையையே எடுத்து, லிச்செஸில் 'இங்கிருந்து தொடர்' என்ற வசதியைப் பயன்படுத்தி, கணினிக்கு எதிராக ஜெயிக்கும்வரையோ டிரா எடுக்கும்வரையோ திரும்பத் திரும்ப ஆடலாம்.

தவறு நடந்த நிலைகளைத் தனியாக ஒரு ஸ்டடியில் சேர்த்து வையுங்கள், விடை எழுதாமல், வெறும் நிலையும் 'வெள்ளை ஆட வேண்டும்' என்பதும் மட்டும். கடையில் வாங்கும் பஸில் புத்தகத்தில் ஏதோ ஒரு தியாகம் இருக்கிறது என்று முன்பே தெரிந்துவிடும். இதில் சிலவற்றுக்கு விடை வெறும் தற்காப்பு மூவாக இருக்கும், சிலவற்றில் காயை மாற்றாமல் இருப்பதுதான் விடை, நிஜ ஆட்டத்தில் வருவதும் அப்படித்தான். மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு மறுபடி தீர்த்துப் பாருங்கள். பார்த்தவுடன், காரணத்தோடு, இரண்டு தடவை சரியாகச் சொன்ன நிலையை நீக்கிவிடுங்கள். மூன்றாவது மாதமும் இடறுகிற நிலை ஏதாவது இருந்தால் அதை எடுத்துக்கொண்டு உங்களைவிட நன்றாக ஆடும் ஒருவரிடம் போய், உங்கள் முதல்நாள் குறிப்பைக் காட்டி, 'நான் இப்படித்தான் யோசித்தேன், எங்கே தப்புகிறது?' என்று கேளுங்கள். வெறும் ஆட்டத்தைக் காட்டினால் அவர் நல்ல மூவைச் சொல்லுவார். குறிப்பையும் சேர்த்துக் காட்டினால், நீங்கள் கணக்கை எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்பதைச் சொல்லுவார்.